கூட்டாளி வீட்டுக்குப் போன பப்பாளி

நகரத்தைப் பிடிக்க வருகிறார்கள் என்று அந்த வருடம் வாரத்துக்கு ஒரு வதந்தி வந்தது. யார் வருகிறார்கள் என்பதை மட்டும் டீக்கடைக்கு டீக்கடை மாற்றிச் சொன்னார்கள். ஒன்றில் எல்லாருக்கும் ஒரே கருத்து: நிஜமாகவே வந்தால், ஆற்றில் நிற்கும் போர்க்கப்பல்களை முதலில் நட்பு நாட்டுக்கு அனுப்பிப் பத்திரப்படுத்திவிடுவார்கள். எங்களைப் பத்திரப்படுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. நமக்கென்ன அவ்வளவு விலையா?

என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலில் எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். தாய்லாந்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அவனை அனுப்பிவிடு என்று அண்ணன் நச்சரித்தார். நகரத்துக்குள், தின்கன்ஜூன் பகுதி வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். கப்பல் கிளம்பட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கடற்படைக்குத் தெரியாத ஆபத்தா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அண்ணனுக்கு ஆற்றின் அக்கரையில், டாலாவில் வீடு. வாசலில் நின்றால் கப்பல்கள் தெரியும். ஆகவே அவர்தான் எங்கள் உளவுத்துறை. போனில் கப்பல் என்று சொல்லப் பயம். பர்மிய மொழியில் கப்பல் திம்போ. பப்பாளி திம்போத்தீ, அதாவது கப்பல் பழம். அதனால் கப்பலுக்குப் பப்பாளி, நட்பு நாட்டுக்குக் கூட்டாளி வீடு என்றே பெயர் வைத்தோம். எந்த ஒற்றனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று எங்களுக்கு ஏகப் பெருமை.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. "தங்கச்சி, பப்பாளி பூராவும் கூட்டாளி வீட்டுக்கு அனுப்பியாச்சும்மா."

மதியத்துக்குள் மகனை எல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்றான். பெரிய வீராங்கனை மாதிரி தலையாட்டினேன்.

அவன் நாத்தனார் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள், டாலாவுக்குப் படகேறினேன். கப்பல்கள் அத்தனையும் ஆற்றில் அப்படியே நின்றன. ஒன்றின் மேல்தளத்தில் யாரோ லோஞ்சி காயப்போட்டிருந்தார்கள்.

"என்னண்ணே இது?"

"நான் நெசப் பப்பாளியத்தான் சொன்னேன். தோட்டத்துல பழுத்துச்சு, கூட்டாளிக்குக் குடுத்தேன். நீ தப்பா வெளங்கிக்கிட்டே."

அவரை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாமா என்று இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போனேன். ஒரு பப்பாளி மரம்கூட இல்லை. போன மழையில் எல்லாம் சாய்ந்து, அண்ணன் வெட்டிப் போட்டபோது நானும்தான் பக்கத்தில் நின்றேன். மறந்தே போயிருந்தேன்.

"கப்பலு போறவரைக்கும் நீ அனுப்ப மாட்டே," என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "அது எப்பப் போக?"

கோபம் தீராமலே வீடு திரும்பினேன்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தெருவுக்கு அடுத்த பட்டியல் வந்தது. மகன் பெயர் இரண்டாவதாக இருந்தது. பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சந்தையில் நல்லதாக ஒரு பப்பாளி வாங்கிக்கொண்டு டாலாவுக்குப் போனேன். கப்பல்கள் அங்கேயேதான் நின்றன.