மெஷின் பேசலாம்... பாடு மாறலாமா?

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. காலமான என் தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் பிடிக்கும்... பிடிக்கட்டுமே! உங்களுக்குப் படிக்க நான்கு நிமிஷம்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

என் இளைய மருமகள் மலர் கதை எழுதுவாள். எல்லாம் போனிலேயே. கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷமாக எழுதுகிறாள், ஒன்றுகூட அச்சில் வரவில்லை. இப்போது ஒரு பத்திரிகையில் அறிவியல் கதைப் போட்டி. அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இதுவும் சரிப்படாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று என் மகனிடம் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் நானும் பக்கத்து வீட்டு முனியம்மாவும் இறால், எங்கள் வாயில் எறா, உரித்துக்கொண்டிருந்தோம். மலர் வந்து உட்கார்ந்து கதையைப் படித்தாள். கடலோடு சேர்ந்த எங்கள் ஊர் ஏரிக்கு அடியில் ஒரு மெஷின். நாளைக்கு எந்த இடத்தில் எறா சேரும் என்று இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடும். ஒருநாள் அது "தெற்கே" என்கிறது. உடனே ஊரில் உள்ள அத்தனை படகும் தெற்கே பாய்கிறது...

முனியம்மா கையை உதறினாள். "நிறுத்துடி! இன்னா கதை வுடுறே?"

மெஷினைத்தான் நம்பவில்லை என்று மலர் நினைத்துக்கொண்டாள். "இல்ல சித்தி, தண்ணியோட சூடு, உப்பு எல்லாத்தையும் அளந்து, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு..."

"மெஷினு பேசிட்டுப் போவுது. என் பேரன் போனுகூடத்தான் பேசுது. அன்னிக்குத் தெக்கால பாடு யாருது? அதச் சொல்லு. அடுத்தவன் பாட்டுல எவன்டி வலைய எறக்குவான்? ஊரு சும்மா வுடுமா?"

ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை பிரித்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. அதுதான் பாடு. மலருக்கும் இது தெரியாததல்ல. கதை வேகத்தில் விட்டுவிட்டாள்.

முனியம்மா அத்தோடு விட்டாளா? மலரின் தாய்வீட்டையும் இழுத்தாள். "காட்டூர்ல நெல்லு நட்டவளுக்கு ஏரியப் பத்தி இன்னா தெரியும்?"

மலர் முகம் செத்துப்போயிற்று. "வுடுங்க அத்தை, நான் அனுப்பல." விரல் போனில் அழிக்கிற இடத்துக்குப் போய்விட்டது.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "அழிக்கிறத அப்புறம் அழி. அறிவியல் கதைன்னா இன்னா? மொதல்ல அதச் சொல்லு" என்றேன்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். வெளிநாடுகளில் புதுசு புதுசாக மெஷின்கள் வந்த காலத்தில் ஜனங்களுக்கு ஆசையும் வந்ததாம், பயமும் வந்ததாம். இதற்கு மேல் என்ன வரும், வந்தால் நம் கதி என்ன? அந்தக் கேள்வியில் பிறந்த கதைகளாம் இவை. பழைய கதையில் சாமி வரம் கொடுக்கும், எப்படி என்று யாரும் கேட்பதில்லை. இதில் மனுஷன் செய்கிறான். அதனால் எப்படிச் செய்தான், அப்புறம் என்ன ஆயிற்று — இரண்டுக்கும் பதில் வேண்டும். ராக்கெட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் பேசியதை முனியம்மா ஒத்துக்கொண்டாள். முறை தவறி வலை போட்டதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அதாவது, ஒரு பொய்க்கு மட்டும்தான் அனுமதி. அதைச் சொன்ன பிறகு மனுஷர்கள் மனுஷர்களாகவே நடக்க வேண்டும். சரிதானே?

"பாடு அப்படியே இருக்கட்டும், மெஷினு மட்டும் வரட்டும். இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

மலர் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாக, "அத்தை... நாளைக்கு எறா எங்க இருக்கும்னு இப்ப யாருக்கும் தெரியாது. அதனாலதான எந்தச் சீட்டு வந்தாலும் சரின்னு வாங்கிக்கறாங்க? முன்னாடியே தெரிஞ்சுட்டா?"

உரித்துக்கொண்டிருந்த முனியம்மாவின் கை நின்றது. "தெரிஞ்சுட்டா எவன்டி சீட்ட ஒத்துக்குவான்? அண்ணன் தம்பியே அடிச்சிக்குவான்!" என்றாள். உடனே குரலை இறக்கி, "ஏன் மலரு... அந்த மாரி மெஷினு நெசமாவே வருதா?"

இல்லாத மெஷினுக்கு ஒருத்தி பயந்துவிட்டாள். அறிவியல் கதை வேறென்ன செய்ய வேண்டும்?

மலர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. படகுகள் பாய்கிற பாதிக் கதையைத் தூக்கிவிட்டு, சீட்டு எடுக்கிற ஊர்க்கூட்டத்தையும் அதில் சண்டைக்கு எழும்புகிறவனையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினாள். நடுநடுவே முனியம்மா, "அவன் அப்படிப் பேச மாட்டான்டி, மொதல்ல வேட்டிய மடிச்சிக் கட்டுவான்" என்று திருத்தம் வேறு. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதை போய்விட்டது.

முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும்... புதன்கிழமையே அடுத்த கதையைத் தொடங்கிவிட்டாள். அதுவும் ஏரிதான்.

கதை நன்றாக இருந்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மருமகளை நேருக்கு நேர் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இங்கே எழுதினேன். படித்துக் காட்ட மலரின் மகள் இருக்கிறாள்.

"ஏ தேனு, இங்க வா. ஆயா எழுதினத மொதல்லேருந்து படி. முணுமுணுக்காத... உங்கம்மா அடுப்பாண்ட இருக்கா, அவ காதுல வுழணும்."