கட்டுக்குக் கீழே

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஓரக்கா என்று பெயர். வைத்தவள், துவைக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வாயாடி. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து மாலையில் செருப்பை மாட்டும்வரை “ஓரத்தைப் பாரு, ஓரத்தோட ஓரம் சேரணும்” என்று எல்லோர் உயிரையும் எடுத்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? படுக்கை விரிப்பின் மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஓரக்காவுக்குச் சோறு இறங்காது. மடித்ததை அடுக்கி, கந்தலாய்ப் போன விரிப்பிலிருந்து கிழித்த நாடாவால் கட்டு போட்டு, வார்டுவாரியாகத் தள்ளுவண்டியில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அவள் போட்ட கட்டை அவிழ்ப்பதற்குள் நர்ஸுகளுக்கு நகம் போய்விடும்.

வீடு வரும்போது கால் இரண்டும் தன்னுடையவையாக இருக்காது. கதவைத் திறந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்காருவாள். அந்தக் குளிர்ச்சி முதுகுக்குள் இறங்கிய பிறகுதான் அடுப்பு, பாத்திரம் எல்லாம் நினைவுக்கு வரும். அப்பா, அம்மா அடுத்தடுத்துப் போனதிலிருந்து தம்பியைத் தூக்கி நிறுத்தியது இந்தக் கால்கள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்” என்றாள். பிறகு பேச்சு வருவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

தம்பி ஒரு நிலைக்கு வருவதற்கு நிறைய இடம் சுற்றினான். சலூனில் கத்தரி பிடித்தான், செல்போன் பழுது பார்த்தான், வேன் ஓட்டினான். எதுவும் ஒட்டவில்லை. “அவனுக்கு நின்னுட்டே இருந்தா முதுகு தாங்காது”, “பொடி ஸ்க்ரூ பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியுது அவனுக்கு”, “அந்த வேன்ல பிரேக்கே சரியில்ல” என்று அவனுக்காக ஊருக்குப் பதில் சொன்னதெல்லாம் அவள்தான். தம்பியை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. சொல்வதானால் அவள் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக வெளியூரில் ஒரு நாற்றுப் பண்ணையில் போய்ச் சேர்ந்தான். அங்கே செடிக்குச் செடி ஒட்டுக் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு விடுமுறையில் வந்தபோது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு கன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான்.

“இலந்தைக்கா. நானே கட்டினது. கட்டினதுல முதல்ல ஒட்டுப் பிடிச்சது இதுதான். பழம் ஒவ்வொண்ணும் இத்தாம் பெருசு வரும், பாரேன்” என்று முஷ்டியைக் காட்டினான்.

“உன் முஷ்டி அளவுக்கா? உன் வாய் அளவுக்குச் சொல்லு, நம்பறேன்” என்றாள். ஆனால் அன்று ராத்திரிக்குள் தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி கையால் கட்டியது.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் மதில்சுவருக்கும் நடுவில் துணி காய்கிற கொடிக்கு அடியில் கொஞ்சம் மண் உண்டு. அவன் பண்ணைக்குத் திரும்பியதும் அங்கே நட்டாள். செடியின் தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பிளாஸ்டிக் நாடா ஒன்று சுற்றியிருந்தது. பையைக் கட்டிய நாடா ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நறுக்கி எறிந்தாள். காற்றுக்குக் கன்று ஆடியது. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, மண்ணை ஒட்டியே, வேலையிடத்து நாடாவால் நன்றாக இறுக்கி ஒரு கட்டுப் போட்டாள். முடிச்சின் இரண்டு வாலும் சம நீளம்.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பி போனில் சொன்னான்: “அக்கா, ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. கட்டுக்கு மேல வர்றதுதான் நம்மளுது. கட்டுக்குக் கீழ என்ன முளைச்சாலும் கிள்ளி எறிஞ்சிடு. பாவம் பாக்காத.”

“எனக்குக் கட்டைப் பத்திச் சொல்ல வந்துட்டியா நீ?” என்று சிரித்தாள். சொன்னதை அப்படியே செய்தாள். தன் நாடாவுக்குக் கீழே ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்தாலும் விடவில்லை. நாடாவுக்கு மேலே இரண்டு கிளைகள் வந்தன. மேலே இருந்த ஒன்று நோஞ்சான். கீழே இருந்த இன்னொன்று திமுதிமுவென்று ஏறியது. முதல் கோடையில் நோஞ்சான் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாய் நின்றது. சலவைக்கூடத்தில் நைந்த விரிப்பை மற்றதோடு சேர்த்து மடித்தால் அவளுக்குப் பிடிக்காது. எடுத்து அப்பால் போட்டுவிடுவாள். அதையும் அரிவாள்மனையில் வைத்தாற்போல் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். மற்றது மரமானது.

முள்ளான முள். கொடியில் போட்ட சேலை ஒவ்வொன்றிலும் ஒரு கீறல். அவள் முன்கையைப் பார்த்து மிஷின்காரி கேட்டாள்.

“என்னக்கா, பூனை வளக்கறியா?”

“மரம்டி. தம்பி கட்டினது.”

“தம்பி கட்டினது கடிக்குமா?”

தம்பிக்கு அதற்குப் பிறகு லீவு கிடைக்கவில்லை; போனில்தான் மரத்தை விசாரித்தான். மூன்றாவது வருஷம் காய்த்தது. கிளை தெரியாத காய்ப்பு. பழுத்துச் சிவந்ததும் முதல் கிண்ணத்தைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். கோலிக்குண்டை விடச் சிறிசாகத்தான் இருந்தது. முதல் காய்ப்பு அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிஷின்காரி ஒன்றை வாயில் போட்டாள். ஒரு கண் மூடிக்கொண்டது.

“அக்கா, இதுல பழம் எங்க இருக்கு? கொட்டையைச் சுத்திக் கோபம்தான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஓரக்காவும் சிரித்தாள். கிண்ணத்தை மூடிக் கைப்பையில் வைத்தவள், அன்றைக்கு மடித்த விரிப்புகளில் ஒன்றின் ஓரம் விலகியிருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒரு பழம்கூட வீட்டைத் தாண்டவில்லை. யாரும் வாயில் வைத்து எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று, தினமும் வேலைவிட்டு வந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கினாள். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, உப்பைத் தொட்டுக்கொண்டு, பல் கூசக்கூசத் தானே தின்றாள். கால் வலிக்கும், வாய் எரியும். தம்பிக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். இதுவும் வரவில்லை. இதையாவது அவனிடம் சொல்லாமல் இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது.

“போன மாசம் நான் கட்டினதுல பாதிக்கு மேல காஞ்சு போச்சுக்கா. முதலாளி என்னைத் தண்ணி ஊத்தற வேலைக்கு அனுப்பிட்டார்.”

“வெயில் அப்படி அடிக்குது. நீ என்ன பண்ணுவ?”

“வெயில் எல்லாருக்கும்தானே அடிக்குது. அவங்க கட்டினது பிடிக்குதே. நம்ம வீட்டுல நிக்கிற அந்த ஒண்ணுதான்க்கா தைரியம். இல்லன்னா எப்பவோ பையைத் தூக்கியிருப்பேன். ஆமா, இனிக்குதா?”

“நல்லாக் காய்ச்சிருக்குடா.”

“இனிக்குதான்னு கேட்டேன்.”

“குலுங்குது போ.”

“ஞாயித்துக்கிழமை வர்றேன். நானே தின்னு பாக்கறேன்” என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை அவள் பழக்கடைக்குப் போனாள். ஆப்பிளைப் போல வழவழவென்றிருந்த பெரிய இலந்தைகளைப் பொறுக்கியெடுத்து, வீட்டில் துடைத்து, தட்டில் வரிசையாக அடுக்கினாள். இது நம் மரத்துப் பழம் என்று வாயால் சொல்லப் போவதில்லை. தட்டை முன்னால் வைப்பாள், அவன் என்ன நினைத்துக்கொள்கிறானோ அது அவன் பாடு. அப்படி நினைத்துத் தூங்கப் போனாள். தூக்கம் வரவில்லை.

மறுநாள் வந்தவன் மெலிந்திருந்தான். பை பெரிதாக இருந்தது. இரண்டு நாளுக்கு வந்தவன் பை இல்லை அது. துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டவன் பை. அவள் தட்டை வைத்தாள். அவன் ஒரு பழத்தை எடுத்தான், கடிக்கவில்லை. திருப்பிக் காம்பைப் பார்த்தான்.

“கடையில வாங்கினியா?”

“ஏன்டா?”

“காம்பு காஞ்சு கிடக்கு. பறிச்சு ரெண்டு மூணு நாள் இருக்கும். மரம் பின்னாடி நிக்கும்போது இதை எதுக்கு வாங்கின?”

அந்த நிலைமையிலும் அவளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. காம்பைப் பார்த்துச் சொல்கிறானே.

அதற்குள் அவன் பின்பக்கம் போய்விட்டான். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதற்குள், மரத்தடியில் நின்று ஒன்றைத் தின்று கொட்டையைத் துப்பியிருந்தான். அவள் பக்கம் திரும்பாமலே பேசினான்.

“இது அடிச்செடிப் பழம்க்கா. காட்டு இலந்தை. இதோட வேர்லதான் நல்ல இலந்தையோட மொட்டை வச்சுக் கட்டுவோம். மொட்டுப் பிடிக்கலன்னா அடிச்செடி தன்னால வளந்துடும். பிடிச்சதுன்னு நினைச்சேன், நான் கட்டினது பிடிக்கல போல.” சட்டையில் கையைத் துடைத்தான். “என் கைக்கு எதுவும் வராதுக்கா. வேலையை விட்டுட்டுத்தான் வந்தேன். முதலாளிகிட்ட இன்னும் சொல்லல, நாளைக்குப் போன்ல சொல்லிடுவேன். நீயும் எத்தனை நாளைக்கு எனக்காகச் சாக்குச் சொல்லுவ?”

ஓரக்கா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்துச் சாக்கும் தீர்ந்துபோனது போலிருந்தது. ஆனால் எதையும் சரிபார்க்காமல் மடித்து வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“பிடிக்கலன்னா எப்படித் தெரியும்?”

“கட்டுக்கு மேல ஒண்ணும் வராது. மொட்டு கறுத்துக் காஞ்சிடும்.”

“வந்துச்சேடா. ரெண்டு வந்துச்சு.”

“எந்தக் கட்டுக்கு மேல?”

“என் கட்டுக்கு மேல.” கீழே காட்டினாள். மண்ணை ஒட்டி, மக்கிப்போன நாடாவின் முடிச்சு இன்னும் இருந்தது.

அவன் அதைப் பார்த்தான். “பிளாஸ்டிக் நாடா இருந்துச்சே, ஒரு சாண் மேல?”

“அது பையோட நாடா. நறுக்கி எறிஞ்சேன்.” சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கியது. அதுதான் தம்பி சொன்ன கட்டு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நடந்தது தம்பிக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. நோஞ்சான் கிளையை வெட்டியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெட்டின இடத்தைப் பட்டை மூடி, மேலே மண்ணும் பாசியும் ஏறியிருந்தது. வாயைத் திறக்காவிட்டால் ஓரக்கா இந்த ஜென்மத்தில் ஒரு தப்பும் செய்தவளில்லை. சலவைக்கூடத்திலும் சரி, தெருவிலும் சரி, தம்பியிடத்திலும் சரி.

“மேல ஒண்ணு மெலிசா வந்துச்சு,” என்றாள். “முதல் கோடையில இலை கொட்டிடுச்சு. செத்துப்போச்சுன்னு நான்தான் வெட்டினேன். அந்தா, அங்க பாரு.”

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தியால் பாசியைச் சுரண்டினான். தண்டில் ஒரு புடைப்பு; அதிலிருந்து ஒரு விரல் பருமனுக்கு ஒரு மொட்டைக் கட்டை. புடைப்பைக் கட்டைவிரலால் தடவினான். திரும்பத் திரும்பத் தடவினான்.

“பிடிச்சிருக்குக்கா,” என்றான். “என்னமா ஒட்டியிருக்கு பாரு. இந்த ஜாதி இலந்தை கோடையில இலை கொட்டும்க்கா. சாகறது இல்ல, தூங்கறது.”

“தூங்கினதையா வெட்டினேன்?”

“தூங்கினதைத்தான் வெட்டின.”

அவன் கத்தியைத் துடைத்து மடித்தான். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. களைத்துப்போன, சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. “கட்டுன்னா எந்தக் கட்டுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா?”

“உன் வீட்டுல உன் கட்டு இல்லாம எது இருக்கு? அதை நான் யோசிச்சிருக்கணும்.”

அடி நன்றாக இருக்கிறது, வெட்டிவிட்டுத் துளிர் வந்ததும் திரும்பவும் கட்டலாம் என்றான். பண்ணையிலிருந்து நல்ல மொட்டுக்குச்சி கொண்டுவருவானாம். அதற்குப் பண்ணையில் இருக்க வேண்டுமே என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போனான். முதலாளிக்குப் போன் போடவில்லை. கடைப் பழங்களை வழிக்குக் கட்டிக்கொடுத்தாள்; முடிச்சை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் போட்டாள்.

சலவைக்கூடத்தில் நீராவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் முதல் விரிப்பை உதறுவதற்குள் மிஷின்காரி வந்துவிட்டாள்.

“தம்பி வந்தாராமே? கோபப்பழம் தின்னாரா?”

“தின்னான். அவன் கட்டினது பிடிச்சிருந்துச்சுடி. நான்தான் வெட்டிட்டேன்.”

“நீயா? தப்பா?”

“நான்தான். நல்ல கிளையை வெட்டிட்டு முள்ளுக் கிளையை வளத்தேன்.”

மிஷின்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “தப்பையும் பண்ணிட்டு, மெடல் வாங்கினவ மாதிரி சொல்றியேக்கா?”

“அவன் கட்டினது பிடிச்சிருந்துச்சுன்னு சொல்றேன், காதுல விழலியா? அந்த ஓரத்தைப் பிடி” என்றாள் ஓரக்கா. இன்றைக்கும் கால் வலித்தது. மேஜையில் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, தன் பக்கத்து ஓரத்தை அவளுடைய ஓரத்தை நோக்கிக் கொண்டுபோனாள்.