சிவப்பு முத்திரை விழாத தாள்

வெல்டா ஹின்ஸ் தன்னுடைய இருபத்து நாலாவது வயதில் எட்டுப் பேரைச் சாகடித்தார். தட்டச்சு இயந்திரத்தில்தான், அரசாங்கம் சொல்லித்தான். அதில் ஏழு பேர் பிறகு நிஜமாகவே செத்துப்போனார்கள், அவர் அடித்த அதே வரிசையில். எட்டாவது பெயர் அவருடைய தங்கை ஆர்டிஸ்.

இதை அவர் என்னிடம் சொன்னது 2000 அக்டோபரில். கான்சாஸில் எங்கள் ஊரில்தான் இருக்கிறது அந்த அதிபரின் நூலகம். ஐம்பதுகளில் அமெரிக்காவை ஆண்டவர். மேலே கண்ணாடிக்குள் அவருடைய சீருடையும் தொப்பியும் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கீழே, ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறைகளில், அவருடைய ஆட்சியின் காகிதங்கள். சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள், வரிசை வரிசையாக. படிக்க வருபவர்களுக்கு அந்தப் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அந்த வாசனையே பிடிக்கும்.

வெல்டா மூன்று வாரமாகத் தினம் காலை ஒன்பது மணிக்கு வந்தார். அறுபத்தொன்பது வயது. வாஷிங்டனிலிருந்து ரயிலேறி வந்து, எங்கள் ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். கைப்பையைப் பூட்டறையில் வைப்பார், நாங்கள் தரும் பென்சிலை வாங்கிக்கொள்வார், ஒத்திகைப் பெட்டிகளைக் கேட்பார். வேறு எதையும் கேட்கமாட்டார்.

அந்தப் பெட்டிகள் அந்த வசந்தகாலத்தில்தான் முதல்முறையாகத் திறக்கப்பட்டிருந்தன. 1955 கோடையில் மூன்று நாள், அணுகுண்டு விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதிபரின் அலுவலகம் மலைக்குள் ஓர் இடத்துக்குப் போய் வேலை செய்து பார்த்தது. அந்த மூன்று நாளின் தாள்கள். நானும் ஒருநாள் புரட்டினேன். 'டென்வரிலிருந்து பதில் இல்லை.' 'காற்று தென்மேற்கு.' 'மாடுகளுக்குக் குளத்துத் தண்ணீர் காட்ட வேண்டாம்.' நடுவில் மதியச் சாப்பாட்டுப் பட்டியல்: ஹாம், உருளைக்கிழங்கு சாலட், பீச் பழம். அடுத்த தாளில் எங்கள் ஊர் இருந்தது. 'மிச்சம் உள்ளோர்: விவரம் இல்லை.' அன்றைக்கு என் அம்மாவுக்கு ஒன்பது வயது. இதே தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

ஒவ்வொரு தாளிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று, சிவப்பு மையில் முத்திரை: ஒத்திகை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மூச்சுவிட்டேன்.

"என்ன தேடறீங்கன்னு சொன்னா நானும் தேடுவேன்ல," என்றேன்.

"சிவப்பு இல்லாத தாள். கெடைச்சா நீ படிக்காதே, பொண்ணே. என்கிட்ட குடு."

அன்று மதியம் எதிர்க்கடையில் சில்லி என்கிற காரமான கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் வாங்கிக்கொடுத்தேன். ரோலை சில்லியில் தோய்த்தபடியே சொன்னார். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது; வாஷிங்டனில் நாற்பத்தைந்து வருஷம் இருந்தாலும் தோய்ப்பதை விடவில்லை.

மலைக்குள் வெல்டாவுக்குக் கிடைத்த வேலை, இறந்தவர் படிவம் அடிப்பது. பெயர், வயது, ஊர், எதைக்கொண்டு அடையாளம் தெரிந்தது, எங்கே புதைத்தது. படிவம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று மேலே கணக்குப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் சொன்னார்: 'யோசிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. தெரிஞ்ச பேரா அடிங்க.' வெல்டா தன் ஊரான ஷோன்ஃபெல்டின் தேவாலயத்தை மனசில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை ஒவ்வொருவராக அடித்தார். தாள் நிறைந்ததும் கார்பனிலிருந்து பிரித்து முத்திரை குத்த வேண்டும். எட்டுப் பேர் கொண்ட ஒரு தாளைப் பிரித்த நேரத்தில் சங்கு ஊதியது. எல்லோரையும் சுரங்கத்துக்குள் ஓட்டினார்கள். திரும்பி வந்தபோது தாளை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

"சொன்னேனே. 'அது ஒண்ணுல முத்திரை இல்ல சார்'னு சொன்னேன். 'யார் பாக்கப்போறா'ன்னார்."

முதல் வரி ஓர்வில் ஷ்ரேக், வயது முப்பத்தொன்று, கோதுமைக் கிடங்கில் வேலை. அடையாளம் என்ற இடத்தில் வெல்டா சும்மா அடித்தது: இடது கால் பூட்ஸ். மூன்று வருஷம் கழித்து, 1958 அறுவடையில், ஓர்வில் கிடங்குத் தொட்டிக்குள் விழுந்து தானியத்தில் புதைந்துபோனார். தோண்டும்போது முதலில் வந்தது பூட்ஸ்.

"இடதா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

வெல்டா ரோலைத் தட்டில் வைத்தார். "சாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சவப்பெட்டியைப் பாத்தேன். திரும்பி ஆர்டிஸைப் பாத்தேன். பத்தொன்பது வயசு, கறுப்புக் கவுன்ல அழுதுட்டு நிக்கறா. அவளுக்கு நான் என்ன அடிச்சிருந்தேன் தெரியுமா? அடையாளம் காட்டியவர்: அக்கா."

அன்றைக்கே ரயிலேறியவர்தான். அக்கா பக்கத்தில் இல்லையென்றால் அடையாளம் காட்ட ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் அந்த வரி நடக்காது. நாற்பத்திரண்டு வருஷம் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, அப்பா சாவுக்கு வரவில்லை, பூ அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைபேசியில் மட்டும் பேச்சு. காரணத்தை ஒருநாளும் சொல்லவில்லை. நடுவில் இரண்டாவது வரி போனது, மூன்றாவது போனது, 1991இல் ஏழாவது.

இப்போது ஆர்டிஸுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கிறிஸ்துமஸ் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'வந்துட்டுப் போயேன்' என்று தொலைபேசியில் முதல்முறையாகக் கேட்டிருக்கிறாள். முப்பது மைல் தூரத்தில் இருக்கிறாள். வெல்டா அங்கே போகாமல் எங்கள் பெட்டிகளுக்குள் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் முத்திரை குத்திவிட்டால் போகலாம்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று போய்க்கொண்டிருந்த பெட்டியில் திடீரென்று ஒரு வெறும் தாள். பெட்டி முழுக்கப் பொய்தான். இந்த ஒன்று மட்டும் தன்னைப் பொய் என்று சொல்லவில்லை. 

வெல்டா கோட்டுப் பையிலிருந்து மரப்பிடி போட்ட பழைய முத்திரை ஒன்றை எடுத்தார். நாற்பத்தைந்து வருஷமாக வைத்திருந்தது.  டெல்பர்ட் குரோக்கர் பார்த்துவிட்டார். எங்கள் தலைமை ஆவணக் காப்பாளர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அம்மா, அதை மேசைல வைங்க. மெதுவா."

"ஒரே ஒரு குத்து சார்."

"அந்தத் தாள்ல நான் ஒரு பென்சில் புள்ளிகூட வெக்க முடியாது. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். தப்போட."

"தப்பு ஆளைக் கொல்லுது."

வெல்டா சொன்ன கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார் குரோக்கர். "வயசானவங்களை மேல அடிச்சிருப்பீங்க. அவங்க முன்னாடி போயிருப்பாங்க. அவ்வளவுதான்."

"மொத வரி ஓர்வில். முப்பத்தொண்ணு."

குரோக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வரி வரியாக இறங்கினார். எட்டாவதில் நின்றார். "தங்கச்சிக்கு அப்ப என்ன வயசு?"

"பதினாறு."

"இதுல அறுபத்தொண்ணுன்னு இருக்கு."

அவசரத்தில் விரல் மாறி விழுந்திருக்கிறது, பதினாறுக்கு அறுபத்தொன்று. எந்தத் தட்டச்சரும் செய்யக்கூடிய தப்பு. வெல்டாவுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. 

"இப்ப அவங்களுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அறுபத்தொண்ணு," என்றார் வெல்டா. "பிப்ரவரி இருபது வரைக்கும்."

அவருடைய கை முத்திரையை நோக்கிப் போனது. குரோக்கர் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். தாளில் எழுத முடியாது. ஆனால் தாளுக்கு முன்னால் தனியாக ஒரு காப்பாளர் குறிப்பு வைக்கலாம், அதற்கு விதி இருக்கிறது என்றார். 'அடுத்த தாள் ஒத்திகையைச் சேர்ந்தது. அடித்தவரே சாட்சி.' பென்சிலில் எழுதிக் காட்டினார்.

"எட்டாவது வரி ஆள் உயிரோட இருக்கறதா சேத்து எழுதுங்க."

"அது எனக்குத் தெரியாதே."

"ஞாயித்துக்கெழம போன்ல பேசினேன் சார்."

"போன்ல யார் வேணா பேசலாம். யாராவது நேர்ல பாத்து, இவங்கதான்னு சொல்லணும். தேதி, நேரம் வேணும். அப்பதான் எழுதுவேன்."

"யார் பாக்கணும்?"

"அந்தப் பேரை அடிச்சவங்கதான். வேற யாருக்கு அந்தப் பொண்ணைத் தெரியும்?"

கல்நெஞ்சோடு சொல்லவில்லை. பார்க்காததை எழுதாத மனிதர், அவ்வளவுதான்.

மறுநாள் என் காரில் கூட்டிப்போனேன். சோளம் அறுவடை முடிந்து வயலெல்லாம் கட்டையாக நின்றது. பத்து மைலுக்கு அப்பாலிருந்தே ஷோன்ஃபெல்டின் தானியக் கிடங்கு வெள்ளையாகத் தெரிந்தது. அது பெரிதாகப் பெரிதாக வெல்டா இருக்கையில் சரிந்து உட்கார்ந்தார். வீட்டு வாசலில் இறங்கியவர் படியேறவில்லை. காற்று அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தது.

வலைக்கதவுக்குப் பின்னால் ஓர் உருவம் வந்து நின்றது. மூக்கில் குழாய்.

"யாரது? விக்கறவங்களா? எனக்கு எதுவும் வேணாம்."

"ஆர்டி."

"குரல் தெரியுது. மூஞ்சி தெரியலையே. எங்கக்கா இவ்வளவு கெழவி இல்லையே."

"உள்ள போடி, காத்து அடிக்குது."

"நாப்பத்திரெண்டு வருஷம் கழிச்சு வந்து வாசல்ல நின்னு அதிகாரத்தைப் பாரு. இந்தப் பொண்ணு யாரு?"

"பெட்டி எடுத்துக் குடுக்கற பொண்ணு."

"பெட்டிக்காரியோட வந்திருக்கியா. நான் இன்னும் சாகலை."

சமையலறை மேசையில் வைத்து வெல்டா எல்லாவற்றையும் சொன்னார், அறுபத்தொன்று உட்பட.  ஆர்டிஸ் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது எனக்காகவா?" என்றாள் கடைசியில். "நீ எங்களைப் பாத்து வெக்கப்படறேன்னு நெனச்சேன். அப்பா சாவுக்கு நீ அனுப்பின பூவைக் கொண்டுபோய்ப் பன்னிக்குப் போட்டேன்."

"தின்னுச்சா?"

"கார்னேஷனைத் தின்னுச்சு. ரோஜாவைத் தொடலை."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆர்டிஸ் சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கையை நீட்டினாள். முள்கம்பி கிழித்த பழைய தழும்பு. "சரி, பாரு. நான்தானான்னு பாத்துச் சொல்லு. அந்தாளு எழுதணுமில்ல."

வெல்டா தழும்பைத் தொட்டார். காது, நெற்றி, கண் என்று மெதுவாகப் பார்த்தார். பிணத்தைப் பார்ப்பவர்கள் பார்ப்பதுபோல. நான் மணி பார்த்தேன், மூன்று நாற்பது.

"இவதான்," என்றார்.

மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரம் நின்றது. விளக்கும் போனது. காற்றில் எங்கோ கம்பி அறுந்திருக்கும், அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் அந்த இருட்டுச் சமையலறையில் ஆர்டிஸின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. வெல்டா அவள் கையை விடவில்லை. நான் எண்ணினேன், ஒன்பது வரை. மின்சாரம் வந்தது. இயந்திரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"சரி, காப்பி போடு," என்றாள் ஆர்டிஸ், மூச்சு திரும்பியதும்.

வெல்டா அன்றைக்கு என்னோடு திரும்பவில்லை. நான்தான் போய்க் குரோக்கரிடம் சொன்னேன், குறிப்பை அடித்தேன்: '8ஆம் வரி: உயிருடன் உள்ளார். 13 அக்டோபர் 2000, பிற்பகல் 3.40. நேரில் அடையாளம் காட்டியவர்: அக்கா.' அடித்து முடித்துப் படித்தபோதுதான் உறைத்தது, அதே சொற்கள். குரோக்கரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டார்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அங்கே போனேன். கிறிஸ்துமஸ் தாண்டியது. வெல்டா தங்கையின் நாற்காலிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தே தூங்கினார். "என்னைப் பாக்கறதை நிறுத்துடி, காக்கா மாதிரி," என்பாள் ஆர்டிஸ். என்னைப் பார்த்ததும், "இன்னைக்கும் அறுபத்தொண்ணுதான், பெட்டிக்காரி, போய் உங்காளுகிட்ட சொல்லு," என்பாள். பிப்ரவரி முதல் வாரம் மூச்சு ரொம்பவும் மோசமானது. வெல்டா யாரோடும் பேசவில்லை. வாசல் கதவைக்கூடப் பாதிதான் திறந்தார்.

இருபதாம் தேதி காலை நூலகம் திறந்ததும் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"அறுபத்திரெண்டு," என்றது வெல்டாவின் குரல். வைத்துவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குரோக்கர் கைக்குட்டை கொடுத்தார்.

ஆர்டிஸ் மார்ச் பத்தாம் தேதி மதியம் போனாள், வானொலியில் கோதுமை விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது. அன்று சனிக்கிழமை, நான் அங்கேதான் இருந்தேன். இறுதிச் சடங்கு நடத்துபவர் வந்தார். இளைஞர், நல்ல கோட்டு. அட்டையில் செருகிய படிவத்தை வெல்டாவின் முன்னால் வைத்தார். எனக்குப் படிக்காமலே தெரிந்தது. பெயர், வயது, ஊர், அடையாளம் காட்டுபவர்.

"நான் எழுதிக்கறேன்மா, நீங்க சொன்னா போதும்," என்றார் அவர்.

"நானே எழுதறேன். பேனாவைக் குடுங்க."

"பேருலேருந்து வாங்க. இங்க, மேல."

"இல்ல தம்பி," என்றார் வெல்டா. "வயசுதான் மொதல்ல." இரண்டு எண்களையும் கட்டம் முட்ட எழுதி, மை காயும்வரை அதன்மேல் ஊதினார். அப்புறம்தான் தங்கையின் பெயருக்குப் போனார்.