குச்சவெளிக்கு அப்பால் பதினொரு படங்கள்

புல்மோட்டையில் என் கணவரின் தங்கைக்குப் பிள்ளை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பேரப்பிள்ளையை இன்னும் பார்க்காத மாமிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு கிண்ணியாவிலிருந்து கணவரின் ஆட்டோவில் புறப்பட்டோம். பின்னால் மாமியும் நானும். எங்கள் காலடியில், வளவில் வெட்டிய கதலி வாழைக்குலை சாக்கில் சுற்றிக் கிடந்தது. என் மடியில் கெமரா.

நான் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. பறவைகளைப் படம் எடுப்பது நாலைந்து வருடப் பழக்கம். அதில் பாதிப் பங்கு என் கணவருடையது. வண்டியை ஓட்டிக்கொண்டே கம்பியில் இருக்கும் மீன்கொத்தியையும் சேற்றில் நிற்கும் உள்ளானையும் அவர்தான் முதலில் காண்பார். "அந்தா" என்பார். அடுத்த நொடி வண்டி ஓரத்தில் நிற்கும். மாமிக்கு இது பிடிக்காது. எங்கு போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது என்பது அவருடைய புகார்.

குச்சவெளி கடந்து கொஞ்சத் தூரம் போயிருப்போம். இடப்பக்கம் ஆழமில்லாத உப்புத்தண்ணீர்க் களப்பு, வலப்பக்கம் பற்றைக்காடு, அதற்கு அப்பால் கடல். கணவர் வேகத்தைக் குறைத்தார்.

"அந்தா. பூநாரை."

தண்ணீரின் நடுவில் வெளிர்சிவப்பாய் முப்பது நாற்பது பறவைகள். அவ்வளவு பக்கத்தில் நான் அவற்றைக் கண்டதே இல்லை.

"பத்து நிமிசம் மாமி" என்றேன்.

"உன்ட பத்து நிமிசம் எனக்குத் தெரியும் புள்ள. பிள்ளை முழிச்சிருக்கக்குள்ள போய்ச் சேரணும்."

இறங்கி நடந்தேன். கரையோரம் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே போகப் போகச் சேறு கணுக்காலைப் பிடித்தது. நூறு அடி, இருநூறு அடி போனேன். இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் பறவையின் கண்ணும் படத்தில் தெளிவாய் விழும் என்ற ஆசை. குந்தியிருந்து கெமராவைத் தூக்கியபோது எல்லாப் பறவைகளும் ஒன்றாய்க் கழுத்தை நிமிர்த்தின. என்னைத்தான் பார்க்கின்றன என்று நினைத்து அசையாமல் இருந்தேன். அவை பார்த்தது என்னை அல்ல.

திரும்பிப் பார்த்தேன். பற்றையிலிருந்து யானை ஒன்று ரோட்டுக்கு ஏறியிருந்தது. ஒற்றை ஆண் யானை. தனியன் என்பார்கள் இங்கே. கூட்டத்தோடு வருவதைவிட அதற்குத்தான் எல்லோருக்கும் பயம். அது அவசரமில்லாமல் ஆட்டோவை நோக்கி நடந்தது.

கணவர் முன்சில்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாமி உள்ளே. ஆட்டோவின் வலப்பக்கம் கம்பி அடித்து மூடியது, இறங்குவதானால் களப்புப் பக்கமாகத்தான் இறங்கலாம். மாமிக்கு முழங்கால் வருத்தம். ஒரு காலை வெளியே வைக்கவே ஆள் பிடிக்க வேண்டும். கணவர் ஓடியிருக்கலாம். அவர் குனிந்து தாயின் கையைப் பிடித்தார். அதற்குள் யானை வண்டியோடு ஒட்டி நின்றுவிட்டது.

நான் கெமராவைக் கண்ணில் வைத்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் வைத்தேன் என்று இப்போதும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். லென்ஸ் எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. கம்பிக்கு மேலால் உள்ளே நுழைந்த தும்பிக்கை. அதன் நுனி மாமியின் தோளைத் தடவி, முக்காட்டை இழுத்து, கீழே சாக்கைத் தேடியது. மாமியின் வாய் ஓதிக்கொண்டிருந்தது. சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. என் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

கெமராவை இறக்கியதும் எல்லாம் திடீரென்று சிறிதாய், தூரமாய்ப் போயிற்று. அப்போதுதான் எழுந்தேன். ஓடினேன். நாலாவது எட்டில் சேறு முழங்கால்வரை இழுத்தது. முகம் அடிபட விழுந்தேன். விழும்போதும் ஒரு கை கெமராவை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தது.

தலையை நிமிர்த்தியபோது ஆட்டோ ஒரு பக்கம் சரிந்து, களப்புப் பக்கச் சில்லு நிலத்தை விட்டு எழும்பியிருந்தது. குலை கம்பியில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், யானை அதை விடாமல் இழுத்தது. கணவர் இந்தப் பக்கம் வண்டியில் தொங்கித் தன் முழுப் பாரத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சாக்கு கிழிந்து குலை வெளியே போனது. வண்டி தடாரென்று நாலடி தள்ளி விழுந்து நின்றது.

யானை ரோட்டிலேயே நின்று தின்றது. புல்மோட்டைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று தூரத்தில் நின்று எஞ்சினை நிறுத்தியது. ஹோர்ன் அடிக்கவில்லை. கணவர் தாயை இறக்கி, இடுப்பைப் பிடித்துச் சரிவால் என்னிடம் கொண்டுவந்தார். மூவரும் சேற்றில் ஒருவரையொருவர் பிடித்தபடி, அது கடைசிப் பழத்தையும் தின்று பற்றைக்குள் போகும்வரை நின்றோம்.

பஸ் சாரதி இறங்கி வந்தார்.

"வாழைப்பழம் கொண்டு வந்தீங்களா?"

"ஓம்" என்றார் கணவர்.

"வண்டில போறவங்க இதுக்குப் பழம் தீத்தித் தீத்திப் பழக்கிட்டாங்க. இப்ப எந்த வண்டி நிண்டாலும் வந்து தேடும். அல்லாஹ் காப்பாத்தினான், போங்க."

வலப்பக்கக் கம்பி வளைந்திருந்தது. கூரைத் துணி கிழிந்திருந்தது. என்றாலும் எஞ்சின் இயங்கியது. திரியாய் ஊரைத் தாண்டினோம். கணவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நீ ஏன் கத்தல்ல?"

"கத்தியிருந்தா அது வெருண்டு உங்களத்தான் அடிச்சிருக்கும்."

"அது உனக்கு அந்த நேரமே தெரியுமா? இல்ல, இப்ப யோசிச்சுச் சொல்றியா?"

அந்த நேரம் நான் எதையும் யோசிக்கவில்லை. கெமராவைக் காலடியில், குலை கிடந்த இடத்தில் வைத்தேன்.

தங்கை வீட்டில் எல்லோரும் அழுது முடித்து, தேத்தண்ணி குடித்து, மாமியின் தோளுக்கு எண்ணெய் தடவினார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாமி என்னைக் கூப்பிட்டார்.

"நீ படம் எடுத்தனீதானே? உன்ட முகத்துல கெமரா இருந்ததக் கண்டன். காட்டு."

மறைக்க வழியில்லை. சின்னத் திரையில் ஒவ்வொன்றாய்த் தள்ளிக் காட்டினேன். பதினொன்று. ஆறாவதில் மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதில் அவருடைய இடது கை வெளியே நீண்டு, உள்ளங்கை என்னைப் பார்த்தபடி விரிந்திருந்தது. கம்பியைப் பிடிக்கத் தேடுகிறார் என்றே நான் அங்கே நினைத்திருந்தேன்.

"வராத எண்டு சொன்னன் புள்ள. நீ விளங்காம ஓடி வந்து விழுந்துட்டாய்."

நான் எழுந்து குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கணவர் மட்டும் அன்று படங்களைப் பார்க்கவில்லை. மதியத்துக்குப் பின் திரும்பி வரும்போது களப்பில் பூநாரைகள் அப்படியே நின்றன. இருவரும் கண்டோம். அவர் "அந்தா" என்று சொல்லவில்லை. அதன் பிறகு பல வாரங்கள், எங்கு போனாலும், சொல்லவில்லை. நானும் கெமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டில் சண்டை இல்லை. சோறு கறி, பள்ளிக்கூடம், சவாரி, எல்லாம் வழமைபோல நடந்தன. ஆனால் அவர் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு தடவையும், இன்றைக்குப் படங்களைக் கேட்பார் என்று நினைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"காட்டு."

கணினியில் திறந்தேன். ஒன்பதாவது படத்தில் நிறுத்தினார். தாயின் கையைப் பற்றியபடி அவர் முகம் கெமராவின் பக்கம் திரும்பியிருந்தது. கன்னம் முழுக்க ஈரம்.

"இதுல நான் அழுறன்."

"ஓம்."

"நான் அழுதது எனக்கே தெரியாது."

"இத அழிக்காத" என்றார். பிறகு எழுந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, ஆட்டோவைக் கழுவ வெளியே போனார்.