பச்சை கேட்டில் கட்டிய கம்பி

ஏழு மாடி உயரத்துக்கு எழுந்து நடக்கும் போர் எந்திரங்களைப் பட்டறையில் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். சண்டைக்குப் போய்த் திரும்பும் பெரியவர்களின் பாதத்தைச் சுத்தம் செய்வது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். கணுக்காலுக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிப்பாள். ஆனால் விரல் இடுக்கில் அப்பிய மண்ணைப் பார்த்தே, உள்ளே உட்கார்ந்து ஓட்டியவன் அழுத்தி மிதித்தானா, தயங்கி வைத்தானா என்று கண்டுபிடித்துவிடுவாள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பாதத்திலிருந்து ஓடு வந்தாலும் சரி, ஜன்னல் வந்தாலும் சரி, எந்தத் தெரு என்று ஓட்டியவரைக் கேட்கக்கூடாது.

நாலு நாளாக அக்கா போனை எடுக்கவில்லை. சண்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் என்றார்கள். அக்கா வீடு இந்தப் பக்கம். இருந்தும் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைத் திறப்பாள், மூடுவாள், கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போன் போடுவாள்.

அன்று மத்தியானம் கொழுந்தன் ஓட்டும் பெரியவர் வந்து நின்றது. அரை மணியில் திரும்பக் கிளம்பவேண்டும். இடது பாதத்து விரல் இடுக்கில் பச்சையாக ஏதோ, ஒரு செம்புக் கம்பி நுனியோடு, துருத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சக் குழாயைத் தூக்கினார்.

"நிறுத்துங்கண்ணே!"

"அட, உனக்குப் பேசக்கூட வருமா?"

"எங்க அக்கா வீட்டு கேட்டுண்ணே அது."

மேஸ்திரி குழாயைக் கீழே போட்டார். "பத்து நிமிஷம். சீக்கிரம் பாரு."

போன மாசம் அந்த கேட்டின் தாழ்ப்பாள் உடைந்துபோனது. இரண்டு கதவையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் செம்புக் கம்பி கொண்டுபோய்க் கொடுத்தவள் இவள்தான். வீட்டில் இருந்தால் அக்கா உள்பக்கமாக முறுக்குவாள். வெளியே கிளம்பினால் தெருப்பக்கமாக.

கொழுந்தன் ஏணியில் இறங்கி வந்தான்.

"தம்பி, எந்தத் தெரு?"

அவன் திடுக்கிட்டு மேஸ்திரியைப் பார்த்தான். "ஆத்துக்கு அந்தப் பக்கம் அண்ணி."

"குதிகால்ல மண்ணே இல்ல. நுனிக்காலை வெச்சிருக்கீங்க. அக்கா வீடுன்னு தெரிஞ்சுதானே வெச்சீங்க?"

அவன் தலை குனிந்தான். "அடி வாங்கிச் சாயப் போச்சு அண்ணி. கால் ஊன்ற வேற இடமே இல்ல. ஆள் நடமாட்டம் இல்ல, எல்லாரும் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, பார்த்தீங்களா?"

அவள் கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினாள். கொழுந்தனும் கைகொடுத்தான். நசுங்கிய கேட் பிய்ந்து வந்து தரையில் விழுந்தது. உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெருப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்திருந்த மகா கஞ்சன் அத்தான். அவள் மண்ணை விரலால் வழித்தாள். கம்பியின் முறுக்கு பச்சைப் பக்கம் இருந்தது.

அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"வெளிய கட்டியிருக்கா. கிளம்பிட்டா."

"அப்பாடா!"

"எங்க போனா தம்பி?"

அவன் வாய் திறப்பதற்குள் கிளம்பும் மணி அடித்துவிட்டது. ஏணியில் ஏறினான். பெரியவர் தரை அதிர வெளியே போனது. அவள் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த பெரியவர் உள்ளே வந்தது. அவள் குழாயைத் திறக்கவில்லை. விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுத் துழாவினாள். பிறகு அண்ணாந்து, ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தவனிடம் பட்டறைக்கே கேட்கும்படி கேட்டாள்:

"எந்தத் தெரு?"