கன்னியப்பனின் கழுத்துப் புண்

ஆம்பூரில் சவுரியம்மாளை ஏமாற்றுவது லேசில்லை. யாராவது இலவசம் என்றால் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள், பிறகு கையைப் பார்ப்பாள்.

1932இல் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி தம் ஆட்கள் முந்நூறு பேருக்கும் வியாழக்கிழமைதோறும் இலவச வைத்தியம் என்று அறிவித்தார். ஊரே மெச்சியது. சவுரியம்மாள் மட்டும் நம்பவில்லை.

"எவனுக்கு ஒடம்பு முடியலன்னு எழுதி வெச்சிக்கினு, அவன மொதல்ல வெளிய அனுப்பத்தான் இந்த வைத்தியம்" என்றாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. கண் வலி என்று டாக்டரிடம் போன இரண்டு பேர் அடுத்த மாதம் வேலையில் இல்லை.

அப்புறம் அதே ஷாப்பில் வேலை செய்த அவள் கணவன் கழுத்திலேயே புண் வந்தது. பதனிடாத பச்சைத் தோல் சுமப்பவர்களுக்கு வருகிற புண். வலி இல்லை, நடுவில் மட்டும் கரியாகக் கறுத்திருந்தது. இதே புண் வந்த ஒருவனை நாலாம் நாள் புதைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வியாழனே அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஷாப்பில் அவன் பெயர் கன்னியப்பன். கோயிலில் ஞானஸ்நானத்தில் வைத்தது இருதயராஜ்.

"கோயில் பேரச் சொல்லுய்யா. ஷாப்புக்குத் தெரியவாணாம்."

டாக்டர் ஞானசீலன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஜியாவுல்லா ஆஜர்ப் புத்தகத்தைப் புரட்டினார். சந்தேகத்தில் அவரும் சளைத்தவரில்லை.

"இருதயராஜுன்னு நம்மகிட்ட யாரும் இல்ல. வெளியாளுக்கு வைத்தியம் கெடையாது."

"கன்னியப்பன்தான் பாய்! அதுவும் இவரு பேருதான்!"

"இப்போ கன்னியப்பனா? சாயங்காலம் இன்னா பேரு?"

சவுரியம்மாள் கணவனின் கைகளைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி அரித்துத் தின்ற விரல்கள். அதைப் பார்த்த பிறகுதான் குமாஸ்தா நம்பினார், நோயாளி என்று பெயரையும் எழுதிக்கொண்டார். டாக்டர் அன்றைக்கே அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்றிவிட்டார்.

பிழைத்துக்கொண்டான். மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது ஷாப்பில் அவன் இடத்தில் வேறு ஆள் இருந்தான். தான் நினைத்ததே நடந்துவிட்டதில் சவுரியம்மாளுக்குச் சந்தோஷம் எங்கிருந்து வரும்? அழுதாள்.

புண் இன்னும் முழுக்க ஆறவில்லை. வாராவாரம் கட்டு மாற்ற வேண்டும். வியாழனன்று இருவரும் வரிசையில் போய் நின்றார்கள்.

"புத்தகத்துல இவரு பேர அடிச்சாச்சும்மா. இங்க வேல செய்றவங்களுக்குத்தான் வைத்தியம்" என்றார் ஜியாவுல்லா.

"வேலய எடுத்துக்கினீங்க. அது குடுத்த புண்ணையும் எடுத்துக்குங்க பாய்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கன்னியப்பனை உட்காரவைத்துக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

அடுத்த வியாழன் இந்த டாக்டர் வேலையில் இருப்பாரா என்று சவுரியம்மாளுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.