அரிமளம் சாலையில் எதிர்வெளிச்சம்

புதுக்கோட்டையில் வக்கீலாக இருந்தேன். கட்சிக்காரர்கள் குறைவு. மனைவி காலமாகிவிட்டாள். சனிக்கிழமை இருட்டியதும் என் பழைய காரை எடுத்துக்கொண்டு அரிமளத்துக்குப் போவேன். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பர், பகலெல்லாம் வாடிக்கைக்காரர்களுக்கு ஆமாம் போட்டு அலுத்தவர். கடை அடைத்தபின் நான் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் இல்லைங்க" என்று ஆரம்பிப்பார். வாரத்தில் அப்போதுதான் நான் ஒரு மனிதரோடு பேசுவது. மற்ற நாட்களில் நீதிபதியோடு.

தொந்தரவு திரும்பி வருவதில்தான். தார் ஒரு வண்டி அகலம். எதிரே வண்டி வந்தால் இருவரும் இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். எதிரில் வருபவருக்குக் கண் கூசாமலிருக்க விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார்கள். நான் பூசினேன். ஏற்கெனவே அகல்போல எரிந்த விளக்கு. பூசியபின் என் கார் வருவது எனக்கே தெரியாது. லாரிக்காரர்கள் பூசவில்லை. அவர்கள் கடந்தபின் என் கண்ணில் பச்சை வட்டங்கள் மட்டும் மிதக்கும். அவை கரையும்வரை ஞாபகத்தை நம்பி ஓட்டுவேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பயந்தாங்கொள்ளி என்று லாரிக்காரர் நினைத்துவிடுவார் என்று கூச்சம். வாழ்நாளில் மறுபடி பார்க்கப்போகாத லாரிக்காரர்.

அது மாசி மாதம். விவசாயிகள் கொள்ளுச் செடியைத் தார்மேல் பரப்பி, போகிற வண்டிகளை மிதிக்கவிட்டு, இரவில் மணியைக் குவித்துச் சுற்றிலும் கல் வைத்து, காவலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். பகலில் பரப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு லாரி கடந்தது. பச்சை வட்டங்கள். சக்கரத்தடியில் கல் தெறித்தது. பிரேக்கை மிதித்தேன். காரிலிருந்து ஒரு முழம் தள்ளி, துப்பட்டியை விலக்கிக்கொண்டு ஒரு தலை எழுந்தது.

"யாருங்க அது? கண்ணு தெரியலையா?"

"தெரியலைங்க," என்றேன். கோர்ட்டில் இவ்வளவு சுருக்கமாக நான் உண்மை பேசியதில்லை.

"தெரியலைன்னா நிக்கணும்ல? நான் தலைய அங்கிட்டு வச்சுப் படுத்திருந்தா?"

எஞ்சினை அணைத்தேன். அவர் குரலைத் தணித்தார்.

"சரி, எறங்கி உக்காருங்க. பின்னால வண்டி வந்தா அது பின்னாடியே போயிருங்க. இந்நேரத்துல அரிமளத்துல என்ன சோலி?"

"பேசப் போனேங்க."

"பேசவா?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பின்னால் வந்த லாரியின் சிவப்பு விளக்கைத் தொடர்ந்து வீடு சேர்ந்தேன்.

கொள்முதலுக்குப் புதுக்கோட்டை வந்த நண்பரிடம், இனி இரவில் கார் ஓட்டுவதில்லை என்று சொன்னேன். பஸ்ஸில் போகலாமென்றால், திரும்பிவரும் கடைசி பஸ் அவர் கடை அடைக்குமுன்பே போய்விடும்.

"பகல்ல வாங்களேன். கடையில உக்காந்து பேசலாம்."

"வாடிக்கைக்காரங்க முன்னால என்னைய எதுத்துப் பேசுவீங்களா?"

யோசித்தார். "சிரமந்தாங்க," என்றார்.

அந்தச் சனிக்கிழமை சமையற்காரர் வைத்துவிட்டுப் போன சோற்றை ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டேன். எட்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.